என் கணவரின் கோபமும் காஞ்சிபுரத்தில் ஒரு வாரமும்

திங்கட்கிழமை

விடியுமுன் புதுக்கோட்டை ரயில் நிலையத்தில் நானும் என் கணவரும் நின்றுகொண்டிருந்தோம். மார்கழி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. தண்டவாளத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. கையில் ஒரு துணிப்பை, சுருட்டிக் கட்டிய இரண்டு பாய்கள். பாய்களைப் பார்த்த பக்கத்து அம்மாள், "மேல்மருவத்தூருக்கா?" என்று கேட்டார். "இல்லைங்க, காஞ்சிபுரம்" என்றேன். "பட்டு எடுக்கவா? வீட்டுல விசேஷமா?" என்றார். ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டி வைத்தேன். இவருடைய கோபத்தைக் குறைக்கப் போகிறோம் என்று நடைமேடையில் நின்று எப்படிச் சொல்வது?

என் கணவர் இராசேந்திரன் புதுக்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டார் எதுவானாலும் அவர் கைக்கு வந்தால் ஓடும் என்று ஊரில் பெயர். அதே அளவுக்கு அவருடைய கோபத்துக்கும் பெயர் உண்டு. கடையில் ஸ்பேனர் பறக்கும், வேலைக்கு வருகிறவர்கள் நிலைக்கமாட்டார்கள். வீட்டில் என்மீதோ மகள்மீதோ கை வைத்தது கிடையாது. ஆனால் அவர் கத்தினால் எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். பிரஷருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், உடற்பயிற்சி செய்யுங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். டாக்டர் பீஸ் வாங்குவதற்காகச் சொல்கிறார் என்பார் இவர்.

எங்கள் ஒரே மகள் நிவேதா, காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறாள். மூன்றாம் ஆண்டு. தீபாவளி விடுமுறைக்கு வந்தவள் மாடிப்படியில் உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். இவர் சாப்பிடக் கூப்பிட்டார். அவள் கையைக் காட்டி, இரு என்றாள். மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிடவில்லை. போய் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். அவள் அழவில்லை. மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "இனிமே லீவுக்கு வரமாட்டேம்மா. இந்த வீட்டுல யாரும் கத்தலைன்னா சொல்லு, வர்றேன்" என்றாள். அதன்பிறகு என்னோடு மட்டும்தான் பேசினாள்.

 ஒருநாள் மாலை இவர் கடையிலிருந்து சீக்கிரம் வந்து, கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்தார். "அந்தக் காஞ்சிபுரம் கிளாஸ்னு பாப்பா அனுப்புச்சே, அது இன்னும் இருக்கா?" என்று கேட்டார். சின்ன காஞ்சிபுரத்தில் கோபத்துக்கென்றே உடற்பயிற்சியும் யோகாவும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள், வெளியூர்க்காரர்கள் ஒரு வாரம் தங்கிக் கற்கலாம் என்று நிவேதா முன்பு எனக்குப் போனில் அனுப்பியிருந்தாள். அப்போது இவரிடம் காட்டியதற்கு, எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டவர். இப்போது அவரே கேட்டதும் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன். மனம் மாறுவதற்குள் போய்விட வேண்டும்.

மதியத்துக்கு முன்பே செங்கல்பட்டில் இறங்கினோம். அங்கிருந்து காஞ்சிபுரம் நாற்பது கிலோமீட்டர், பேருந்தில் ஒன்றரை மணி நேரம். எங்களுக்கு முன் இருக்கையில் ஒரு கல்லூரிப் பையன் போனில் சத்தமாக வீடியோ பார்த்துக்கொண்டு வந்தான். இவருடைய காது மடல் சிவப்பதைக் கவனித்தேன். இருபத்தோரு வருடமாக எனக்கு அதுதான் அறிகுறி. தடுப்பதற்குள் எழுந்து, "இது என்ன உங்கப்பன் வீட்டு பஸ்ஸா?" என்று கத்தினார். பேருந்து முழுவதும் திரும்பியது. பையன் போனை அணைத்துவிட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழையசீவரம் வந்தது. பாலாறு விரிந்து கிடந்தது. மழை பெய்து முடிந்த காலம் என்பதால் மணலுக்கு நடுவே நாலைந்து இடத்தில் தண்ணீர் ஓடியது. நீளமான பாலம் ஒன்று ஆற்றைக் கடந்து போனது. அக்கரையில்தான் திருமுக்கூடல் என்று நடத்துனர் யாரிடமோ சொன்னார். இவர் அதைப் பார்க்கவில்லை. வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் நாள் வாடகை தொள்ளாயிரத்துக்கு ஒரு அறை எடுத்துப் படுக்கும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை

காலை ஐந்தரைக்குச் சின்ன காஞ்சிபுரத்தின் தெருக்களில் நடந்தோம். கோலம் போடுகிறவர்கள் விளக்கை வாசலில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். ஏதோ ஒரு வீட்டில் அதற்குள் தறிச் சத்தம் தொடங்கிவிட்டது. கோயில் பக்கமிருந்து பாசுரம் ஒலிபெருக்கியில் வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தின் பின்னால் இருந்த மண் திடலில்தான் வகுப்பு.

நடத்துகிறவர் எஸ்தர். முப்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம், அகன்ற தோள். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. பளு தூக்கும் போட்டிகளில் மாநில அளவில் பதக்கம் வாங்கியவர். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம். பெற்றோர் நடவுக்கும் அறுவடைக்கும் கூலி வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தார்கள் என்று பிறகு அவரே சொன்னார். சர்ச்சில் சிலர், உனக்கு எதற்கம்மா யோகா என்று கேட்டார்களாம். "மூச்சு கர்த்தர் குடுத்ததுதானேன்னு கேட்டேன், அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல" என்று சிரித்தார்.

பதினைந்து பேர் அளவில் இருந்தோம். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், நெசவு செய்கிறவர்கள், ஒரு வங்கி அதிகாரி, இரண்டு இல்லத்தரசிகள். எங்கள் பாய்களைப் பார்த்த எஸ்தர், "பாய அப்படி ஓரமா வெச்சிடுங்க சார். அது கடைசியிலதான்" என்றார்.

"யோகான்னு சொன்னாங்க" என்றார் என் கணவர்.

"யோகாதான். ஆனா கோவத்தோட வந்து உக்காந்து கண்ண மூடுனீங்கன்னா, உள்ள நீங்க கோவப்பட்ட ஆள்கூடவே சண்ட போட்டுக்கினு இருப்பீங்க. மொதல்ல ஒடம்பு அத செலவு பண்ணணும். அப்புறம் உக்காரலாம்."

திடலைச் சுற்றி மெதுவோட்டம். பிறகு உட்கார்ந்து எழுந்து பஸ்கி, தண்டால், சூரிய நமஸ்காரம். இவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்று சொன்னதும் எஸ்தர் நிறையக் கேட்டுக்கொண்டார். ஓட வேண்டாம், வேகமாக நடந்தால் போதும், தலைகீழாக நிற்கக்கூடாது, மூச்சை எந்த இடத்திலும் அடக்கக்கூடாது, வேகவேகமாக மூச்சு விடுவதும் வேண்டாம் என்று தனியாக நிறுத்திச் சொன்னார். கடைசியில் எல்லோரையும் பாயில் உட்காரவைத்தார். மூக்கு வழியாக மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விட வேண்டும். அவ்வளவுதான். பிறகு சவாசனம். என் கணவர் இரண்டாவது நிமிடத்தில் குறட்டை விட்டார். யாரும் சிரிக்கவில்லை.

எழுந்ததும் எஸ்தர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். "கோவம் ஒங்களுக்கு ஒடம்புல எங்க ஆரம்பிக்குது?"

"எனக்கு எப்படித் தெரியும்? வரும், அவ்வளவுதான்."

"காதுல" என்றேன் நான்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் இதைச் சொன்னதே இல்லை. கையை உயர்த்திக் காது மடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

புதன்கிழமை

வகுப்பில் இவருக்குப் பக்கத்தில் பாய் விரித்தவர் குமரேசன். நாற்பது வயதுள்ள நெசவாளர், பிள்ளையார்பாளையத்தில் வீடு. வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது, வீட்டுக்கு வாங்க சார், தறியைப் பார்த்துவிட்டுப் போங்க என்று கூப்பிட்டார். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய் கொடுத்துப் போனோம்.

முன்கூடத்தில் தறி இருந்தது. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்ய வேண்டும். அரக்கு நிறத்தில் பாதி நெய்த சேலை. என் கணவர் சேலையைப் பார்க்கவில்லை. மேலே இருந்த, பூவேலைக்கு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டி எப்படி இயங்குகிறது என்று குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரம் எதைக் கண்டாலும் அவருக்கு அப்படி.

"இதே தறிதான் சார்" என்றார் குமரேசன். "போன வருஷம் இதுல ஓடிக்கினு இருந்த பாவ நானே அறுத்துட்டேன்."

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஆயிரக்கணக்கில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகள். அதை அறுத்தால் சேலை போயிற்று.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் இவர்.

"பெருசா ஒண்ணுமில்ல சார். சேல சீக்கிரம் வேணும்னு மொதலாளி போன் மேல போன் பண்ணிக்கினு இருந்தாரு. காலைலேருந்து எழ அறுந்துக்கினே இருக்குது. என் வீட்டுக்காரம்மா வந்து, சாப்பாடு ஆறிப்போவுதுன்னாங்க. அவ்ளோதான். கத்திரி கையில இருந்துச்சி. அவங்கள ஒண்ணும் பண்ணல. பாவ அறுத்தேன். அறுக்கறப்போ நல்லா இருந்துச்சி சார். அத சொல்லணும். ரொம்ப நல்லா இருந்துச்சி. ஒரு நிமிஷம். அப்புறம் பாத்தா என் பொண்ணு அங்க நிக்குது."

அவர் கை காட்டிய இடத்தில் இப்போது ஒரு மடக்கு நாற்காலிதான் இருந்தது. பெண் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி காபி கொண்டுவந்தார். "இப்ப எப்படிங்க?" என்று நான் அவரைக் கேட்டேன்.

"கோவம் வருதுக்கா. வராம என்னா. ஆனா வந்தா தறிய உட்டு எழுந்து வாசல்ல பஸ்கி எடுக்கறாரு. தெருவுல போறவங்க பாத்துட்டு, என்னா குமரேசா, பரீட்சையில தோத்துட்டியான்னு கேக்கறாங்க."

குமரேசன் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை.  அறைக்குத் திரும்பிப் படியேறும்போது, "அந்தாளு சொன்னது நெசம். ஒடைக்கும்போது நல்லாத்தான் இருக்கும்" என்றார். எனக்கு அதைக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பதும் புரிந்தது.

வியாழக்கிழமை

எல்லோரும் சவாசனத்தில் படுத்திருந்தோம். திடலுக்குள் ஒரு லோடு ஆட்டோ பின்பக்கமாக வந்தது. மண்டபத்து விசேஷத்துக்குப் பந்தல் கால் இறக்க வந்த வண்டி. படுத்திருந்த வங்கி அதிகாரியின் தலைக்கு நாலடி தூரத்தில் வந்து நின்றது. எஸ்தர் ஓடிப்போய் வண்டியின் தகரத்தில் ஓங்கி அடித்தார். "கண்ணு என்னா பொடனியிலயா இருக்குது? ஆளு படுத்துக்கினு இருக்கறது தெரியல?" என்று தொடங்கி, நான் இங்கே எழுத முடியாத சொற்களும் வந்தன. ஓட்டுநர் இறங்கவே இல்லை. கூனிக் குறுகி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

எஸ்தர் பேச்சை நிறுத்தினார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி சற்று நேரம் நின்றார். தோள்கள் ஏறி இறங்கியது தெரிந்தது. பிறகு வண்டியின் கதவருகே போய், "அண்ணா, வண்டி வந்தது தப்புதான். ஆனா அந்த வார்த்தையெல்லாம் நான் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க" என்றார். ஓட்டுநர், "பரவால்லமா, நானும் கவனிக்கல" என்று வண்டியை வெளியே எடுத்துக்கொண்டு போனார்.

வகுப்பு முடிந்ததும் என் கணவர் எஸ்தரிடம் நேராகப் போனார். "உங்களுக்கே வருதே. அப்புறம் நாங்க எதுக்கு இவ்வளவு தூரம் வந்து இதெல்லாம் செய்யணும்?" என்றார். குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே ஏமாற்றம்.

எஸ்தர் பாயைச் சுருட்டுவதை நிறுத்தினார். "கோவம் வரக்கூடாதுன்னு நான் யாருக்கும் சொல்லல சார். அந்த அண்ணன் தல மேல வண்டி ஏறியிருந்தா? அதுக்குக் கோவப்பட்டுத்தான் ஆவணும். முன்னல்லாம் எனக்குக் கோவம் வந்துச்சின்னா சாயந்தரம் வரைக்கும் நிக்காது. என் தம்பி ரெண்டு வருஷம் என்கிட்ட பேசாம இருந்தான். இன்னிக்கு ஒரு நிமிஷத்துல நின்னுச்சி. இத்தன வருஷம் செஞ்சதுக்கு அவ்ளோதான் கெடச்சிருக்குது. எனக்கு அது போதும்."

"ஒரு நிமிஷந்தானா?"

"ஒங்களுக்கு முடியலன்னா எழுந்து நடங்க. எங்கியாவது போங்க. ஆனா போறப்ப, போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போங்க சார். சொல்லாம போனா வீட்ல இருக்கறவங்களுக்கு அதுவும் கத்தற மாதிரிதான்."

வெள்ளிக்கிழமை

கோயிலுக்குப் போனோம். வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில், ஒரே கல்லில் வளையம் வளையமாகச் செதுக்கிய சங்கிலி தொங்குகிறது. கழுத்து வலிக்கும்வரை இவர் அதையே பார்த்தார். ஒரு வளையம் உடைந்திருந்தாலும் எல்லாம் வீண், எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நான் சொன்னேன். "செதுக்குனவனும் வீட்டுல போய்க் கத்தியிருப்பான்" என்றார். அந்த வாரத்தில் அவர் முதலில் சிரித்தது அப்போதுதான். மடப்பள்ளியில் சுக்கும் மிளகும் போட்ட இட்லி வாங்கித் தூணோரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். மார்கழி வெள்ளி என்பதால் தரிசன வரிசை நீண்டது, இடித்தார்கள், நெருக்கினார்கள். என் முன்னால் நின்ற இவருடைய முதுகு மெல்ல விரிவதும் சுருங்குவதும் தெரிந்தது. மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்துதான் இருந்தன. ஆனால் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை

திடலுக்குள் நுழைந்தபோது நிவேதா அங்கே நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் வந்திருப்பதை அவளிடம் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை பார்க்க வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள். இந்த நேரத்தில் இங்கே வருவாள் என்று நினைக்கவில்லை. கையில் பாய் இருந்தது. அப்பாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அவரும் அசைத்தார்.

ஓட்டம் தொடங்கியது. எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். சூரிய நமஸ்காரம் வந்ததும் எஸ்தர், "நிவேதா, முன்னாடி வாம்மா. புதுசா வந்தவங்க ஒன்னப் பாத்து செய்யட்டும்" என்றார். அவள் போய் எல்லோருக்கும் எதிரே நின்றாள். கைகளை உயர்த்தி, குனிந்து, காலைப் பின்னே நீட்டி, தடுமாற்றமே இல்லாமல் செய்தாள். பலநாள் பழக்கம் அது. என் கணவர் செய்யாமல் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்து மூவரும் டீக்கடையில் நின்றோம். அவர்தான் முதலில் பேசினார். "எவ்வளவு நாளா வர்ற?"

"ரெண்டாவது வருஷத்துலேருந்து. சனி, ஞாயிறு மட்டும்."

"என்னைச் சேக்கறதுக்காக வந்து பாத்தியா?"

"இல்லப்பா. எனக்காகத்தான் வந்துக்கினு இருக்கேன்."

"பேச்சே மாறிப்போச்சு" என்றார் அவர். நான் அவள் சொன்னதைக் கவனித்தேன். "உனக்கு எதுக்குடி?" என்று கேட்டேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ரூம்ல கூட இருக்கிற பொண்ணு என் சார்ஜரைக் கேக்காம எடுத்துட்டா. அதுக்கு நான் சில்வர் டம்ளரை அவமேல எறிஞ்சேன். புருவத்துல பட்டு ரத்தம் வந்துருச்சு. வார்டன் எழுதி வாங்கினாங்க. எறியறதுக்கு முன்னாடி இங்கெல்லாம் கொதிச்சது." காதைத் தொட்டுக் காட்டினாள். "அப்பதான் இந்த மிஸ்ஸைப் பத்திச் சொன்னாங்க."

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். என் கணவர் அவள் காதையே பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார். அன்று முழுவதும் அவர் சாப்பிட்டது கொஞ்சம்தான்.

ஞாயிற்றுக்கிழமை

திருமுக்கூடல் போகலாம் என்று நிவேதாதான் சொன்னாள். வகுப்பு முடிந்து செங்கல்பட்டுப் பேருந்தில் ஏறிப் பழையசீவரத்தில் இறங்கினோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம். பாலத்தைக் கடந்து அக்கரையில் பெருமாள் கோயிலுக்குப் போனோம். சுவர் நிறையச் சோழர் காலத்துக் கல்வெட்டு. இங்கே ஒரு ஆதுரசாலை இருந்தது, தங்கிப் படித்த மாணவர்களுக்கும் வைத்தியம் பார்த்தார்கள், வைத்தியருக்கு என்ன கூலி, எந்தெந்த மருந்து இருப்பில் இருந்தது என்றெல்லாம் அதில் வெட்டியிருக்கிறது என்று நிவேதா சொன்னாள். வைத்தியம் பார்த்த இடம் எது என்று கண்டுபிடிக்க எங்களால் முடியவில்லை.

ஆற்றங்கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்தோம். தூரத்தில் ஆடுகள் மேய்ந்தன. கடையில் கட்டி வாங்கிவந்த புளிசாதத்தைப் பிரித்தேன். அவள் சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு."

"ரெண்டு பேப்பர்ல ஃபெயில். அரியர் இருக்கு. போன வருஷத்துலேருந்து."

"போன வருஷமா?"

"ஆமா. தீபாவளிக்கு வந்தப்பவே சொல்லணும்னுதான் வந்தேன். அன்னிக்கு மாடிப்படியில உக்காந்து என் ஃப்ரெண்டுகிட்ட அதத்தான் கேட்டுட்டு இருந்தேன். எங்கப்பாகிட்ட இத எப்படி சொல்றதுன்னு."

அவர் எழுந்தார். காதிலிருந்து கழுத்துவரை சிவந்திருந்தது. வாயைத் திறந்தார்.  ஒன்றும் சொல்லாமல் திரும்பி, மணலில் செருப்புப் புதையப் புதைய நடந்து, கரையேறிப் பாலத்தின்மேல் போய்விட்டார்.

"போயிட்டாரு, பாத்தியா" என்றாள் நிவேதா. "ஒரு வாரம் வந்தா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன் பாரு."

"கத்தலையே" என்றேன்.

"அதுக்குப் பதிலா இது." சாதத்தைப் பொட்டலத்திலேயே திருப்பி வைத்தாள்.  அவளும் மூச்சை இழுத்து நிதானமாக விடத் தொடங்கினாள். நான் பாலத்தைப் பார்த்தபடி இருந்தேன். நீலச் சட்டை, வேகமான நடை. ஒரு லாரி அவரை மறைத்துக் கடந்துபோனது. மறுபடி தெரிந்தார். கைகளை வீசி நடந்தார். பாலத்தின் கோடிவரை போய்ச் சின்னதாகிவிட்டார். அங்கேயே பேருந்து நிறுத்தம். ஒரு பேருந்து வந்து நின்றது. ஏறிவிடுவார் என்றே நினைத்தேன். நிவேதாவும் அதையே நினைத்திருக்க வேண்டும், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து கிளம்பியது. அது போன பிறகும் நீலச் சட்டை அங்கேயே நின்றது. பிறகு பெரிதாகத் தொடங்கியது.

வந்து உட்கார்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் குடித்தார். "போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போகணும்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. மறந்துட்டேன்" என்றார்.

செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினார்.

"கோவம் இன்னும் போகல. இருக்கு."

"தெரியுதுப்பா" என்றாள் நிவேதா.

"எந்தெந்தப் பாடம்?"

சொன்னாள்.

"மறுபடி எப்ப எழுதணும்?"

"ஏப்ரல்ல."

தலையாட்டினார். மணலைக் கையில் அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து, அவளைப் பார்க்காமலே, "என்கிட்ட எப்படிச் சொல்றதுன்னா கேட்டுட்டு இருந்த?" என்றார்.

"ஆமாப்பா."

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். வியர்வை மட்டும் இல்லை அது. "இனிமே கத்தவே மாட்டேன்னு என்னால சொல்ல முடியாது பாப்பா. சொன்னா பொய்."

"என்னாலயும் சொல்ல முடியாதுப்பா. போன மாசம்கூட ரூம்ல கத்தினேன்."

நான் புளிசாதத்தை மறுபடி பிரித்தேன். மூவரும் சாப்பிட்டோம். அக்கரையில் மலை வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. பாலத்தில் திரும்பி நடக்கும்போது அவர்கள் இருவரும் எனக்கு முன்னால் போனார்கள். மோட்டார் காயிலில் எத்தனை சுற்று என்று எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பற்றி ஏதோ பேச்சு. அவளுடைய அரியர் பாடத்தில் ஒன்று அதுதானாம்.

திங்கட்கிழமை

கடைசி வகுப்பு. கிளம்பும்போது எஸ்தர், "ஒரு வாரத்துல ஒண்ணும் ஆவாது சார். ஊர்ல போயி உட்டுடாதீங்க. தெனமும் செஞ்சாத்தான்" என்றார். குமரேசன் பேருந்து நிலையம்வரை வந்தார். எங்களை வழியனுப்ப வந்த நிவேதா, ஏனாத்தூர் பேருந்தில் ஏறும்முன், "பொங்கலுக்கு வர்றேம்மா. ஆனா ரிட்டர்ன் டிக்கெட்டும் சேர்த்தே போட்டுடுவேன். கத்தினா அன்னிக்கே கெளம்பிருவேன்" என்று அவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

காஞ்சிபுரத்தில் விடிகாலையில் எங்கே திரும்பினாலும் யாராவது ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள். தறியடிப்பார்கள், கோலம் போடுவார்கள், பாசுரம் பாடுவார்கள். அதற்கு நடுவே ஒரு திடலில் பதினைந்து பேர் கையைக் காலை வீசுவது யாருக்கும் வித்தியாசமாகத் தெரிவதில்லை. புதுக்கோட்டையில் அப்படி இல்லை. முதல் நாள் இவர் குளக்கரையில் வேகமாக நடந்தபோது, கடைக்கு நேரமாகிவிட்டதா என்று மூன்று பேர் வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னார்களாம். மொட்டைமாடிக்கு மாறினார். நானும் கூடச் செய்கிறேன். இரண்டாவது வாரத்திலேயே கடையில் ஸ்பேனர் பறந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அன்று மாலை அவரே வந்து சொன்னார். இதற்கு முன் அவர் வந்து சொன்னது கிடையாது.

பொங்கலுக்கு நிவேதா வந்தாள். மூன்று நாள் நல்லபடியாகப் போயிற்று. காணும் பொங்கலன்று சாயங்காலம் நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் சென்னையில் ஒரு கம்பெனியில் பயிற்சிக்குப் போகப்போகிறேன் என்று அவள் கூடத்தில் சொல்வது கேட்டது. அரியரை எழுதாமல் என்ன பயிற்சி என்றார் அவர். எழுதிவிட்டுத்தான் போவேன் என்றாள். சென்னையில் எங்கே தங்குவாய் என்றார். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன் என்றாள். குரல்கள் ஏறின. நான் தோசைக் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"நான் கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்" என்றார் அவர்.

அதே நேரத்தில், "நான் போய்ட்டு வரேன்" என்றாள் அவள்.

எட்டிப் பார்த்தேன். இருவரும் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் காதும் சிவந்திருந்தன. எங்கள் தெரு ஒருபக்கம் முட்டுச்சந்து. வேறு வழியில்லாமல் இருவரும் ஒரே பக்கம்தான் போக வேண்டியிருந்தது. முன்னால் அவர், பத்தடி பின்னால் அவள், ஒருவரை ஒருவர் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து திருப்பத்தில் மறைந்தார்கள்.

கல்லில் இருந்த தோசை முறுகலாகியிருந்தது. இந்த வீட்டில் நான் எப்போதும் அவர்கள் இருவரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிடுவேன், சண்டை வந்த நாளில் அதுவும் கிடையாது. தோசையைத் தட்டில் எடுத்துக்கொண்டேன். சட்னியை ஊற்றிக்கொண்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டேன். எப்படியும் திரும்பி வருவார்கள்.